காயோ மலைக் காப்பி: ஈரத்தில் உரிப்பதா, கழுவி உலர்த்துவதா, பழத்தோடு காயவைப்பதா?

சுமத்ராவின் வடக்கே, ஆச்சே மாகாணத்தின் நடுமலையான காயோ மலையில் இருக்கிறது ஆச்சே தெங்கா. இந்தோனேசியர்கள் ‘கபுபாத்தென்’ என்று சொல்லும் மாவட்டம். நிர்வாகத் தலைவர் புபாத்தி, தலைநகர் தக்கெங்கொன். அதற்குக் கீழே 14 கெச்சமாத்தான்கள், நம் வட்டங்களைப் போல. அவற்றுக்கும் கீழே கம்போங்குகள். ஊர்த் தலைவரைக் காயோ மக்கள் ‘ரெஜே’ என்பார்கள். லாவுத் தாவார் ஏரிக்கரை சுமார் 1,200 மீட்டர் உயரம். ஜாகோங் ஜெகெட் போன்ற பகுதிகள் அதற்கும் மேலே. கெத்தோல் வட்டத்தில் கரும்பும் வெல்லமும் உண்டு. மற்றபடி இந்த மாவட்டத்தின் கையில் புரளும் காசு பெரும்பாலும் அரபிக்கா காப்பிக் காசுதான். 2003இல் பெனெர் மெரியா தனி மாவட்டமாகப் பிரிந்தது. ஆனால் 2010இல் பதிவான காயோ அரபிக்கா புவிசார் குறியீடு ஆச்சே தெங்கா, பெனெர் மெரியா, காயோ லுவெஸ் மூன்றுக்கும் பொது. ஐரோப்பிய ஒன்றியமும் அதை 2017இல் ஏற்றது.

பெரும்பாலானோரிடம் இருப்பது ஒரு ஹெக்டேர் அளவிலான தோட்டம். ஆண்டுக்கு 700–800 கிலோ காப்பிக் கொட்டை என்றால், பறிக்க வேண்டியது ஏறக்குறைய நாலரை டன் பழம். 100 கிலோ பழத்தை எந்த வழியில் பக்குவப்படுத்தினாலும் கடைசியில் மிஞ்சுவது 15–17 கிலோ கொட்டைதான். ஆகவே மூன்று வழிகளையும் எடையால் ஒப்பிடுவது வீண். பணம் எத்தனை நாள் களத்தில் முடங்குகிறது, மழை பெய்தால் நட்டம் யார் தலையில் விழுகிறது என்று பார்க்க வேண்டும். பெரும் அறுவடையும் ஆண்டின் கடைசி மாத மழையும் இங்கே ஒன்றாக வருகின்றன.

ஈரத்தில் உரிப்பது (கிலிங் பாசா)

ஊரில் பெரும்பாலோர் செய்வது இதுதான். பழத்தை முதலில் தண்ணீரில் கொட்டி, மிதக்கும் சண்டையும் காய்த்துளைப்பான் வண்டு குடைந்ததையும் அள்ளிவிட வேண்டும். பறித்த அன்றே பல்ப்பர் என்ற உரிக்கும் இயந்திரத்தில் பழத்தோலை நீக்க வேண்டும். பல்ப்பரின் இடைவெளி அகன்றால் தோல் கொட்டையோடு வரும். குறுகினால் கொட்டையில் கீறல் விழும். கீறல் பட்ட கொட்டை இரவு ஊறலில் கறுத்துவிடும். மறுநாள் காலை வழவழப்புப் போகக் கழுவி, மேல் ஈரம் வற்றும்வரை சில மணி நேரம் வெயில். அவ்வளவுதான், உள்ளே இன்னும் 40 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கும் நிலையிலேயே உறையோடு ‘கபா’ என்ற பெயரில் வியாபாரியிடம் போய்விடும். அளவை, இரண்டு லிட்டர் கொள்ளும் ‘பம்பு’. அளந்து வாங்குவதால், தோலும் சண்டும் கலந்திருக்கிறதா என்பதில்தான் வாங்குபவரின் கண் இருக்கும்.

ஆலையில் ஈரத்தோடே பார்ச்மென்ட், அதாவது கொட்டையை மூடிய உறை, உரிக்கப்படுகிறது. உரித்த கொட்டை ‘லாபு’, அதைத் தார்ப்பாயில் காயவைத்து ஈரத்தை 16–18 சதவீதத்துக்கு இறக்கினால் ‘அசாலான்’, ஏற்றுமதிக்குச் சுமார் 12. உறை இல்லாத கொட்டை சில நாள் வெயிலிலேயே காய்ந்துவிடும். இந்த வேகத்துக்கு விலையும் உண்டு. மெத்தென்ற கொட்டை உரிப்பானில் நசுங்கி நுனி பிளக்கும். ‘குக்கு கம்பிங்’ என்று தரம் பிரிப்பவர்கள் தள்ளுவது இதைத்தான். லாபுவை ஓர் இரவு மூட்டையில் கட்டி வைத்தால் சூடேறிப் பூஞ்சை வாசம் ஏறும், பிறகு எந்தக் களமும் அதைப் போக்காது. இந்தோனேசியத் தரவிதியின் முதல் தரத்துக்கு 300 கிராம் மாதிரியில் குறைப் புள்ளி (பழுதான கொட்டைகளுக்குப் போடும் புள்ளி) 11ஐத் தாண்டக்கூடாது, ஈரம் 12.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அந்த எல்லைக்குள் கொண்டுவரக் கையால் பொறுக்குவதுதான் வழி. கோப்பையில் கனமும் மண்மணமும் வரும், புளிப்பு தணிந்திருக்கும். சுமத்ரா காப்பி என்று உலகம் கேட்பது இந்தச் சுவையை.

முழுக் கழுவல்

தொடக்கம் அதேதான். ஊறல் மட்டும் மலைக் குளிரில் 12 முதல் 36 மணி நேரம் வரை நீளும். பிறகு உறையோடு இரண்டு வாரம், சில சமயம் அதற்கும் மேல், 11–12 சதவீதம் வரை உலர்த்தல். சுவை தெளிவாக, புளிப்போடு வரும். தடை கணக்கில் இருக்கிறது: ஒரு கிலோ ஈரக் கபா உலர்ந்தால் நிற்பது சுமார் 650 கிராம். ஆகவே உறையோடு உலர்ந்த கொட்டைக்கு ஈரக் கபாவின் விலையைப் போல ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல் கிடைத்தால்தான் கை கடிக்காது; களக் கூலியும் இரண்டு வார வட்டியும் அதற்கு மேலே. ஏரியை ஒட்டிய ஊர்களுக்கு இன்னொரு கவலை. கழுவிய நீர் ஓடையில் போனால் நீரிலுள்ள உயிர்வளியைத் தின்றுவிடும். டெப்பிக் மீன் இந்த ஏரியை விட்டால் வேறெங்கும் கிடையாது. கழிவுநீர்க் குழி வெட்டாமல் இதைத் தொடங்கவே கூடாது.

பழத்தோடு காயவைப்பது

தண்ணீர் செலவு குறைவு, நல்ல விலையும் பேசலாம். ஆனால் இடம் தின்னும். மெல்லிய அடுக்காகப் பரப்பினால் ஒரு சதுர மீட்டருக்கு 12–15 கிலோதான் கொள்ளும். ஒரு டன் பழத்துக்கு 70–80 சதுர மீட்டர் உலர்த்தும் கட்டில், அதுவும் மூன்று நான்கு வாரம். முழுச் சிவப்புப் பழம் மட்டுமே. முதல் சில நாள் அடிக்கடி கிளறாவிட்டால் காடி வாசம். பிளாஸ்டிக் கூரைக்கூடம் இல்லாமல் இந்த மழையில் இதைச் செய்வது சூதாட்டம். கூரைக்குள்ளும் பக்கவாட்டைத் திறந்து காற்று விடாவிட்டால் இரவில் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும்.

தோட்டம் ஒரு ஹெக்டேர், கூரை இல்லை, பள்ளிக் கட்டணம் அடுத்த வாரம் என்றால் கிலிங் பாசாவை விடச் சொல்ல எனக்கு மனம் வராது; மழை நட்டத்தைப் பெரும்பாலும் வியாபாரி சுமக்கிறார். முழுக் கழுவலுக்கு அறுவடைக்கு முன்பே விலை பேசிய வாங்குபவர் வேண்டும். பழ உலர்த்தலைத் தனி ஆள் தொடாமல் கூட்டுறவோ கம்போங்கின் தொழில் நிறுவனமோ எடுப்பது மேல்; 2014 கிராமச் சட்டத்தின்படி வரும் ஊர் நிதியைக் கூரைக்கூடத்துக்குப் பயன்படுத்த ரெஜேயும் ஊர்க்கூட்டமும் முடிவெடுக்கலாம். நியாய வணிகச் சான்று தரும் ஃபேர்டிரேட் அமைப்பு 2023இல் கழுவிய அரபிக்காவுக்குப் பவுண்டுக்கு 1.80 டாலர், உலர்பழத்துக்கு 1.75 டாலர் என அடிவிலையை உயர்த்தியது. இயற்கை விவசாயத்துக்கு மேலும் 40 சென்ட். ஆக, அந்த அடிவிலையில் கூட உலர்பழத்துக்கு ஐந்து சென்ட் குறைவுதான். கூடுதல் விலையை வாங்குபவரிடம் தனியே பேசி எழுதி வாங்கிய பிறகே கட்டிலில் பழத்தைக் கொட்டலாம். முதல் பருவத்தில் மொத்த அறுவடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அங்கே போக வேண்டாம்.