திரும்பி வருகிறவருக்கு எந்தச் சபை? சி.எஸ்.ஐ., கத்தோலிக்கம், பெந்தெகொஸ்தே

திருநெல்வேலிப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சேகரத்தில், அதாவது பங்கில், ஓய்வுநாள் பள்ளி, திடப்படுத்தல் (குழந்தையில் ஞானஸ்நானம் பெற்றவர் வளர்ந்தபின் தன் விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கு), அசனப் பண்டிகை (சபையார் கூடி உண்ணும் விருந்து) என்று வளர்ந்து, கல்லூரிக் காலத்தில் எல்லாவற்றையும் விட்டு விலகி, இப்போது சென்னையில் இருந்துகொண்டு மறுபடி கோயிலுக்குப் போக ஏங்குகிற பலரை எனக்குத் தெரியும். நானும் அப்படித் திரும்பியவள்தான். எந்தச் சபை என்று யோசிக்கும்போது பாட்டையும் பிரசங்கத்தையும்தான் எல்லோரும் ஒப்பிடுகிறார்கள். குழந்தையில் பெற்ற ஞானஸ்நானத்தை அந்தச் சபை ஏற்கிறதா என்பதை முதலில் பாருங்கள் என்பேன்.

சி.எஸ்.ஐ.யில் அது செல்லும். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் பாரம்பரியங்கள் 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஒன்றாகி உருவான திருச்சபை இது. திடப்படுத்தல் முடிந்தவர் வந்த ஞாயிறே திருவிருந்து (அப்பமும் திராட்சரசமும்) எடுக்கலாம். அங்கத்தினராகச் சேரத்தான் பழைய சேகரத்துக் கடிதம் கேட்பார்கள்.

கத்தோலிக்கத் திருச்சபையும் நம் ஞானஸ்நானத்தை ஏற்கிறது, மறுபடி கொடுப்பதில்லை. ஆனால் தயாரிப்பு வகுப்பு, விசுவாச அறிக்கை, உறுதிபூசுதல் (அவர்களுடைய திடப்படுத்தல்) எல்லாம் முடிந்தபிறகுதான் நற்கருணை, அதாவது அவர்களுடைய திருவிருந்து. அதுவரை திருப்பலிக்கு (பூசைக்கு) போய் உட்காரலாம். பிறவிக் கத்தோலிக்கருக்கு ஒரு நல்ல பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவது) போதும். பதிவுத் திருமணம் மட்டும் செய்தவர்கள் அதைப் பங்குத்தந்தையிடம் முதலிலேயே பேசிவிடுவது நல்லது.

பெந்தெகொஸ்தே சபைகளில் குழந்தை ஞானஸ்நானம் கணக்கிலேயே வராது. முழுக்கு (தண்ணீரில் மூழ்கி எடுக்கும் ஞானஸ்நானம்) எடுத்தாக வேண்டும். புதிதாகத் தொடங்க ஆசைப்படுகிறவர்கள் அதற்காகவே அங்கே போய், தண்ணீரிலிருந்து அழுதுகொண்டே எழுந்து வருவதைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சந்தோஷம் உண்மையானது. என்னால்தான் முடியவில்லை. அப்பாவும் அம்மாவும் என்னைக் கையில் ஏந்திச் செய்ததைச் செல்லாதென்று சொல்ல மனம் வரவில்லை. 1924-ல் இலங்கையில் தொடங்கிய பெந்தெகொஸ்தே மிஷன் என்ற சபையில் நகையும் கிடையாது, மருந்தும் எடுப்பதில்லை. போவதற்குமுன் வீட்டில் கலந்து பேசுங்கள். அசெம்பிளிஸ் ஆஃப் காட் போன்ற சபைகள் இவ்வளவு கண்டிப்பானவை அல்ல.

ஆராதனைக்கு வருகிறேன். விசுவாசம் பாதிதான் திரும்பியிருக்கும்போது சொந்தமாக ஜெபிக்க வாய் வராது. அப்போது அச்சடித்த ஆராதனை முறைதான் கைகொடுக்கும். பாவ அறிக்கையைச் சபையோடு சேர்ந்து வாசித்தால் போதும், அதை நீங்கள் இட்டுக்கட்ட வேண்டியதில்லை. 1950-ல் வந்த சி.எஸ்.ஐ. திருவிருந்து முறையில் சமாதானம் கொடுக்கும் இடத்துக்காகவே நான் காத்திருப்பேன். குருவானவர் தொடங்க, ஒருவர் கூப்பிய கைகளை அடுத்தவர் இரு கைகளாலும் பொதிந்து, அது வரிசை வரிசையாகக் கடைசி பெஞ்சு வரைக்கும் வரும். உங்கள் பெயர் தெரியாத ஒரு பாட்டி உங்கள் கையைப் பிடிப்பார். தஞ்சைக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் கீர்த்தனையும் கூடச் சேர்ந்தால், விட்டுப்போன வருடங்கள் அவ்வளவு தூரமாகத் தெரியாது. பெந்தெகொஸ்தே ஆராதனையில் எல்லோரும் ஒரே நேரத்தில் சத்தமாய் ஜெபிப்பார்கள். புதியவரை எழுந்து நிற்கச் சொல்வார்கள். கூச்சப்படுகிறவருக்கு அது பெரிய பாரம்.

ஆனால் சபையாரைக் கவனித்து நலம் விசாரிப்பது என்று வந்தால் சி.எஸ்.ஐ. பின்தங்கிவிடுகிறது. பெரிய நகரச் சபையில் ஒரு வருடம் போனாலும் யாரும் பெயர் கேட்காமல் இருக்கலாம். பெந்தெகொஸ்தேயில் இரண்டு வாரம் வராவிட்டால் போன் வரும், ஆஸ்பத்திரியில் படுத்தால் உபவாச ஜெபம் நடக்கும். கத்தோலிக்கப் பங்குகளில் தெருவாரியாக வீட்டில் கூடும் அன்பியம் இதற்கு நல்ல வழி.

அதிகாரத்தால் காயப்பட்டு வெளியேறியவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். எந்தப் பெரிய அமைப்பிலும் சேராத தனிச் சபையில் பாஸ்டர் நிரந்தரம், பல இடங்களில் அவருக்குப் பிறகு மகன். சி.எஸ்.ஐ. குருவானவருக்கும் பங்குத்தந்தைக்கும் மாற்றல் உண்டு. கமிட்டித் தேர்தல் சண்டையும் வழக்கும் சி.எஸ்.ஐ.யின் தீராத நோய். சாதி மூன்று பக்கமும் இருக்கிறது. பெண் கொடுக்கல் வாங்கலில் பார்த்தால் தெரியும்.

என் முடிவு, சி.எஸ்.ஐ.தான், ஆனால் நீங்கள் சிறுவயதில் வளர்ந்த சபை வேண்டாம், 'இன்னார் மகளா?' என்று யாரும் கேட்காத வேறொன்று. ஞாயிறு காலை முதல் ஆராதனைக்குப் போங்கள், பிறகு ஒரு ஜெபக்குழுவில் சேர்ந்துவிடுங்கள். ஊரில் கடிதம் கேட்கும்போது சந்தா பாக்கி கட்டாயம் பேச்சில் வரும், கட்டிவிட்டு வாங்குங்கள். கல்லறைத் தோட்டத்தில் பெற்றோர் பக்கத்தில் இடம் வேண்டுமென்று நினைக்கிறவர்கள் மட்டும் பெயரை ஊரிலேயே விட்டுவைத்து, இங்கே ஆராதனைக்கு வந்துபோகலாம்.