வீடு வீடாகப் போவதா, கிளினிக் போடுவதா: ஒரு பிசியோவின் கணக்கு

பிசியோதெரபி முடித்துவிட்டுத் திருச்சியில் தொழில் தொடங்க நினைக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்பது இதைத்தான்: ஹோம் விசிட்டே போதுமா, கடன் வாங்கியாவது கிளினிக் போட்டுவிடலாமா? நான் ஆறு வருடம் பைக்கில் வீடு வீடாகப் போனவன். நான்கு வருடமாக உறையூரில் சின்னதாக ஒரு கிளினிக் நடத்துகிறேன். நான் கிளினிக் கட்சி, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பணக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஹோம் விசிட்டுக்கு முதலீடு கிடையாது. பையில் ஒரு டென்ஸ் மெஷின் (லேசான கரண்ட் கொடுத்து வலியைக் குறைப்பது), தெராபேண்ட் என்ற உடற்பயிற்சி ரப்பர் பட்டை, மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்று பார்க்கும் கோண அளவி இருந்தால் போதும். ஒரு சிட்டிங்குக்கு 500 ரூபாய் வாங்கினேன், கிளினிக்கில் 300தான். ஆனால் காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம், திரும்பி வந்து கே.கே. நகர் என்று அலைந்தால் ஒரு நாளைக்கு ஐந்து வீட்டுக்கு மேல் முடியாது. வைகுண்ட ஏகாதசி சமயத்தில் அதுவும் கிடையாது. கிளினிக்கில் ஒருவருக்கு வலிக்கான ஐ.எஃப்.டி. கரண்ட் மெஷின் ஓடும்போதே இன்னொருவர் தோள்பட்டைப் பயிற்சிக்கான ஷோல்டர் வீல் சுற்றிக்கொண்டிருப்பார். வாடகை, கரண்ட் பில், மெஷின் ரிப்பேர் எல்லாம் போனாலும் கையில் நிற்கிறது.

என்னை மாற்றியது பணம் இல்லை. நோயாளியை இன்னொரு கையில் ஒப்படைக்க முடியுமா என்ற கேள்விதான்.

மூன்றாம் வருடம் அழைப்புகள் கூடிப்போய், ஜூனியர் ஒரு பெண்ணைச் சேர்த்தேன். மூட்டு மாற்று அறுவை முடிந்த ஓர் அம்மாவின் வீட்டுக்கு அவரை அனுப்பினேன். இரண்டாம் நாளே போன் வந்தது. "அந்தப் பொண்ணு நல்லாத்தான் செய்யுது சார், இருந்தாலும் நீங்களே வந்துடுங்க." அடுத்து வந்த தம்பி விஷயத்தில் கதை நேர்மாறு. அவரை வீட்டுக்காரர்களுக்கு அவ்வளவு பிடித்துவிட்டது. நூறு ரூபாய் குறைத்து நேரடியாகவே பேசிக்கொண்டார்கள். கோபித்துக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை, என் சீனியரிடம் நானும் அதைத்தான் செய்தேன். அப்புறம் எனக்கு டெங்கு வந்து மூன்று வாரம் படுத்தேன். எழுந்தபோது ஒரே ஒரு நோயாளி மிச்சம்.

வீட்டில் நம்பிக்கை ஆள் மேல் விழுகிறது. கிளினிக்கில் பாதி நம்பிக்கை இடத்துக்குப் போய்விடுகிறது. எங்களிடம் ஆளுக்கொரு மஞ்சள் அட்டை உண்டு. ஒவ்வொரு சிட்டிங்கிலும் முழங்கால் எத்தனை டிகிரி மடங்கியது என்று எழுதுவோம்: 65, 72, 80. அட்டையைப் பார்த்து யார் வேண்டுமானாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். போன வருடம் எனக்கு அம்மை போட்டு இரண்டு வாரம் போகவில்லை. ஒரு நாள்கூடக் கிளினிக் மூடவில்லை. பெண் பிசியோ ஒருவர் சேர்ந்த பிறகு, கூட்டமே வேறு மாதிரி ஆகிவிட்டது. இடுப்பு வலியைப் பல வருடம் பொறுத்துக்கொண்டிருந்த பெண்கள் வர ஆரம்பித்தார்கள். தனியாளாகப் பைக்கில் சுற்றியவரை அவர்கள் என் கண்ணிலேயே பட்டதில்லை.

இதற்கும் விலை உண்டு. சம்பளம், லீவு, ஏசி மெக்கானிக் என்று ஓடுவதில் நான் நேரடியாகப் பார்க்கும் நோயாளிகள் பாதியாகிவிட்டார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் வீடுதான் ஜெயிக்கிறது: பக்கவாதம். ஒரு பெரியவர் எங்களிடம் பேரலல் பாரில், அதாவது நடை பழகும் இரட்டைக் கம்பிக்கு நடுவில், பத்து முறை போய் வருவார். வீட்டில் நடக்கவே இல்லை என்று மகன் குறைப்பட்டார். போய்ப் பார்த்தால் பழைய காலத்து நிலைப்படி, முக்கால் அடி உயரம். இடது கால் அதில் இடித்து நின்றுவிடுகிறது. இரண்டு பக்கமும் செங்கல் வைத்துப் படி கட்டச் சொன்னேன், கைப்பிடிக்கு ஒரு குழாய். அந்த வாரமே கொல்லைப்புறம் வரை போய்விட்டார். அதனால் இன்றும் காலை ஆறரைக்கு இரண்டு வீடு போகிறேன். கட்டணம் கொடுக்க முடியாதவர்களிடம் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைச் சொல்கிறேன். 2021 முதல் அதில் பிசியோ வீட்டுக்கே இலவசமாக வருகிறார்.

எலும்பு டாக்டரின் ஆஸ்பத்திரியில் சதவீதத்துக்கு உட்காருவது மூன்றாவது வழி. ஒரு வருடம் இருந்தேன். கூட்டம் தானாக வரும், ஆனால் அது டாக்டரின் கூட்டம். குழந்தைகளுக்கான தெரபியில் என் அனுபவம் குறைவு. அங்கே இந்தக் கணக்கு தலைகீழாகவும் இருக்கலாம்.

கிளினிக்தான் என்று முடிவு செய்தால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் தரைத்தளமா என்று பாருங்கள். வாடகை மூவாயிரம் குறைவு என்று நான் முதலில் மாடியில் போட்டேன். முழங்கால் வலிக்காரர்கள் கீழேயே நின்று போர்டைப் படிப்பார்கள், படிக்கட்டைப் பார்ப்பார்கள், திரும்பிப் போய்விடுவார்கள். அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஏழு மாதம் ஆனது.