கொரியாவா, கான்டனா, ஜப்பானா: பெங்களூரில் பார்சலுக்கு ஏற்ற சுட்ட இறைச்சி எது?

கோரமங்களாவில் உள்ள ஓர் ஆசிய பார்பெக்யூ கடையில் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் ஆர்டர் கொடுத்தால், அது சமைக்கப்பட்டு, சிக்னல்களைக் கடந்து ஃபிரேசர் டவுனுக்கோ அல்சூருக்கோ வந்து சேர முக்கால் மணி நேரம் ஆவது இந்த நகரத்தில் சாதாரணம். அதனால் வீட்டிலிருந்து சாப்பிடுகிறவர்கள், எந்தக் கடை நல்ல கடை என்று கேட்பதற்கு முன்னால், எந்த வகை இறைச்சி அந்தப் பயணத்தைத் தாங்கும் என்று கேட்பதே முறை. கொரிய முறை, தென்சீனாவின் கான்டன் முறையில் வாட்டும் இனிப்புப் பன்றி இறைச்சியான சார் சியூ, குச்சியில் கோத்துச் சுடும் ஜப்பானியக் கோழியான யாகிட்டோரி ஆகிய மூன்றையும் அந்தக் கேள்வியோடுதான் இங்கே பார்க்கிறேன்.

நெருப்பில் சுட்ட இறைச்சியின் மணமும் நிறமும் பெரும்பாலும் அதன் மேற்பரப்பில்தான் இருக்கின்றன. மேற்பரப்பு ஈரம் வற்றி ஏறத்தாழ 140 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போதுதான் அது நன்றாகப் பழுப்பேறி முறுகும். மூடிய டப்பாவில் அடைத்தவுடன் இறைச்சியிலிருந்து கிளம்பும் ஆவி மூடியில் பட்டு நீராகி மீண்டும் அதன் மேலேயே சொட்டுவதால், முறுகலையே நம்பிய வகைகள் வழியிலேயே வீணாகிவிடுகின்றன.

கொரிய முறையில் இரண்டு வேறுபட்ட பொருள்களை ஒரே பெயரின் கீழ் விற்கிறார்கள். சம்கியோப்சல் என்பது மசாலா தடவாத, கொழுப்பு அடுக்கடுக்காக ஓடும் பன்றி வயிற்றிறைச்சி. சாப்பிடுகிறவரின் மேசையிலேயே சுட்டு, கத்தரிக்கோலால் நறுக்கி, சூடு ஆறுவதற்குள் கீரை இலையில் மடித்து வாயில் போடுவதற்கென்றே அமைந்தது. பார்சலில் வந்தால் அதன் கொழுப்பு ஆறி வெண்மையாக உறைந்து நாக்கில் ஒட்டும். எந்தக் கடை செய்தாலும் இதைப் பார்சலாக வாங்க நான் பரிந்துரைக்க மாட்டேன்.

புல்கோகி அப்படியல்ல. மெல்லிய தகடுகளாகச் சீவிய இறைச்சியைச் சோயா சாஸ், சர்க்கரை, பூண்டு, நல்லெண்ணெய், அரைத்த பேரிக்காய் ஆகியவற்றில் ஊறவைக்கிறார்கள். பேரிக்காயில் உள்ள நொதி புரதத்தை உடைத்து இறைச்சியை மிருதுவாக்குகிறது. சுவை இறைச்சிக்குள்ளும் சாற்றிலும் இருப்பதால் டப்பாவின் ஈரம் அதைக் கெடுப்பதில்லை. நம் வீட்டு மீன் குழம்பைப் போல, சற்று ஊறினால் நன்றாகவே இருக்கிறது. கர்நாடகத்தில் 2021இல் நடைமுறைக்கு வந்த சட்டம் 13 வயதுக்கு மேற்பட்ட எருமைகளை மட்டுமே அறுக்க அனுமதிப்பதால், மாநிலத்துக்குள் அறுக்கப்படும் எருமையின் இறைச்சி முதிர்ந்ததாகவே இருக்கும். அதற்கு இப்படி மெல்லியதாகச் சீவி ஊறவைக்கும் முறை மிகவும் பொருந்துகிறது. பன்றியும் மாடும் விலக்கான வீடுகளுக்குக் கோழி புல்கோகி இருக்கிறது.

ஆனாலும் மூன்றில் என் முதலிடம் சார் சியூவுக்குத்தான். பன்றியின் தோள் அல்லது கழுத்துப் பகுதியை நீளத் துண்டுகளாக்கி, தேன், சோயா, ஐந்து மசாலாப் பொடி, புளிக்கவைத்த சிவப்பு டோஃபு ஆகியவற்றில் ஊறவைத்து, கொக்கியில் தொங்கவிட்டு வாட்டி எடுக்கிறார்கள். ஹாங்காங்கில் இதைக் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கவிட்டு, கேட்கும்போது நறுக்கி, வெதுவெதுப்பாகவே சோற்றின் மேல் வைத்துத் தருவது வழக்கம். வீட்டுக்கு வாங்கிச் செல்வதும் அங்கே அன்றாட நடைமுறை. அதாவது சூடு ஆறிய பின்னும் சுவைக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்போடு உருவான பண்டம் இது. ஆர்டர் கொடுக்கும்போது, நறுக்காமல் முழுத் துண்டாகத் தரச் சொல்லுங்கள். நறுக்கிய துண்டுகளின் சாறு டப்பாவின் அடியில் தேங்கிவிடும். வீட்டில் தோசைக்கல்லை மிதமான தீயில் காயவைத்து, எண்ணெய் விடாமல் துண்டை வைத்து, ஒவ்வொரு பக்கமும் பளபளப்பு திரும்பும் வரை மட்டும் சூடாக்கி, பிறகு நறுக்குங்கள். தீயைக் கூட்டினால் தேன் கருகிக் கசக்கும். மைக்ரோவேவில் வைத்தால் ஓரங்கள் காய்ந்து ரப்பராகிவிடும்.

யாகிட்டோரியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. குச்சியில் கோத்த சிறிய கோழித் துண்டுகள் விரைவில் ஆறிவிடும், உப்பு மட்டும் தூவிச் சுட்டவை டப்பாவில் வெந்த கோழியாகவே வந்து சேரும். வாங்கியே ஆக வேண்டுமென்றால், சோயாவும் இனிப்பு அரிசி மதுவும் சேர்ந்த தாரே சாஸ் பூசிய தொடைக்கறியைக் கேளுங்கள். தோல் குச்சிகளைக் கடையிலேயே சாப்பிடுங்கள்.

சோற்றில் மட்டும் கொரிய பார்சல் முந்துகிறது. அவர்களுடைய குட்டை அரிசியில், சோற்றை விறைக்கவைக்கும் மாவுப்பொருளான அமைலோஸ் குறைவு என்பதால், ஆறினாலும் நம் சோனா மசூரி அளவுக்கு அது விறைப்பதில்லை. சார் சியூவோடு வரும் நீள அரிசிச் சோறு விறைத்திருந்தால், இரண்டு கரண்டி தண்ணீர் தெளித்து இட்லிப் பானையில் ஐந்து நிமிடம் ஆவி காட்டினால் போதும். புளிக்கவைத்த கொரியக் காய்கறியான கிம்ச்சியைத் தனி டப்பாவில் கேட்டு வாங்குவது நல்லது; சூடான இறைச்சியோடு ஒரே டப்பாவில் வந்தால் அதன் மொறுமொறுப்பு போய்விடும். மிஞ்சிய இறைச்சியை இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும். மறுநாள் காலை முட்டையும் வெங்காயத்தாளும் சேர்த்துச் சோற்றோடு வதக்குவதற்குச் சார் சியூவே இங்கும் பொருத்தமானது.