ஹனிபெரியை ‘ஆண்-பெண் ஜோடி’ என்று விற்றால் வாங்காதீர்கள்

கனடாவின் சாஸ்கடூனிலும் சுற்றுவட்டாரத்திலும் வீட்டுத் தோட்டம் போடும் நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். மே மாதம் பிறந்தால் நர்சரிகளில் ஹனிபெரிச் செடிகள் வந்து இறங்கிவிடும். நீல நிறத்தில் சின்னப் பழம் தரும் புதர்ச் செடி இது, ஹஸ்கேப் என்றும் சொல்வார்கள். அதை ‘ஆண் செடி, பெண் செடி’ என்று ஜோடி போட்டு யாராவது விற்றால் தயவுசெய்து வாங்காதீர்கள். அப்படி ஒரு ஜோடிக்கு 60 டாலர் கொடுத்துவிட்டு, வருடக்கணக்கில் வெறும் இலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஹனிபெரியில் ஆண் செடி, பெண் செடி என்று தனித்தனியாகக் கிடையாது. ஒவ்வொரு பூவிலும் இரண்டு பாகமும் உண்டு. ஆனால் தன் மகரந்தத்தை வைத்துக்கொண்டு தானே காய்க்காது. காய்த்தாலும் ஏதோ ஒன்றிரண்டுதான். நெருங்கிய சொந்தமில்லாத வேறொரு ரகம் பக்கத்தில் இருக்க வேண்டும், அது அதே வாரங்களில் பூக்கவும் வேண்டும். எனக்கு விற்ற இரண்டிலும் ரகத்தின் பெயரே இல்லை. ஒன்றில் ‘ஆண்’, இன்னொன்றில் ‘பெண்’ என்ற அட்டை மட்டும். வளர்ந்த பிறகு பார்த்தால் இலை, கிளை, பூக்கும் நாள் எல்லாமே ஒன்று. ஒரே ரகத்தின் இரண்டு பதியன்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கடையில் போய்க் கேட்டேன். “பூ பனியில் கருகியிருக்கும்” என்றார்கள். இந்தச் செடி மைனஸ் 47 டிகிரியைத் தாங்கும், விரிந்த பூகூட மைனஸ் 7 வரை பிழைக்கும். அந்த வசந்தத்தில் அவ்வளவு குளிர் அடிக்கவே இல்லை. அடுத்த முறை “செடி இன்னும் சின்னது, பொறுங்கள்” என்றார்கள். கடைசியில், செடி செத்தால்தான் உத்தரவாதம், உயிரோடு இருந்தால் பணம் திரும்பாது என்று முடித்துவிட்டார்கள்.

ஒரு நண்பர் வீட்டில் அரோரா ரகம் இருந்தது. அது பூத்திருந்தபோது சில கிளைகளை வெட்டிவந்து, ஒரு வாளித் தண்ணீரில் போட்டு என் செடிகளுக்கு நடுவே வைத்தேன். வண்டுத்தேனீக்கள் இங்கும் அங்கும் போய்வந்தன. அந்த ஜூனில்தான் கிளை முழுக்கக் காய். ஸ்ட்ராபெரிக்கும் முன்னாலேயே பழுக்கிற பழம் இது. தோல் நீலமானதும் பறித்துவிடாதீர்கள், புளிப்பில் வாய் கூசும். இன்னும் இரண்டு வாரமாவது விட்டு, ஒன்றைப் பிய்த்துப் பாருங்கள். உள்ளே பச்சை போய்க் கருஞ்சிவப்பாக இருந்தால் சரி. கெட்டித் தயிரில் கொஞ்சம் சர்க்கரையோடு கலந்து சாப்பிட்டால் அப்படி ஒரு ருசி! வலை போடாவிட்டால் வாக்ஸ்விங் பறவைகள் உங்களுக்கு மிச்சம் வைக்காது.

எனக்கு ஆத்திரம் வருவது இதனால்தான்: டன்ட்ரா, போரியாலிஸ், அரோரா எல்லாமே இதே ஊரில் இருக்கும் சஸ்காட்செவன் பல்கலைக்கழகம் உருவாக்கிய ரகங்கள். எதற்கு எது துணை என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். இந்த ஊரிலேயே பெயரில்லாத அட்டையை மாட்டி விற்கிறார்கள் என்றால், வேறு ஊர்களில் என்னென்ன நடக்குமோ.

வாங்கும்போது அட்டையில் ரகத்தின் பெயர் கட்டாயம் இருக்கட்டும். டன்ட்ராவும் போரியாலிஸும் நெருங்கிய சொந்தம். அந்த இரண்டையும் ஜோடியாகத் தந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். இவற்றுக்கு அரோரா நல்ல துணை. போரியல் பியூட்டி தாமதமாகப் பூக்கும், அதற்கு போரியல் பீஸ்ட் வேண்டும். ரசீதில் ரகத்தின் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். மழுப்பினால் வேறு கடை பாருங்கள்.

ஏற்கெனவே இப்படி ஒரு ஜோடி உங்கள் வீட்டில் இருந்தால் பிடுங்கி எறிய வேண்டாம். என்ன ரகம் என்று தெரியாததால், முதலில் யாரிடமாவது பூத்த கிளை வாங்கி வாளியில் வைத்துப் பாருங்கள். காய் பிடித்தால் அந்த ரகத்தையே வாங்கிப் பக்கத்தில் நட்டுவிடலாம்.