ஸ்னோபோர்ட் பூட்ட கழட்டின அப்புறம் கால்ல எத மாட்டுறது? சில ஸ்லிப்-ஆன், ஒரு பார்க்கிங் லாட்

கனடாவுல ஒன்டாரியோ பக்கம் இருக்குற ப்ளூ மவுன்டன் ஸ்கீ ரிசார்ட்டோட பார்க்கிங் லாட், சாயங்காலம் நாலரை மணி, மைனஸ் 12. கார் டிக்கிய தொறந்து வச்சு அதோட விளிம்புல உக்காந்திருக்கேன், ஒரு பூட் கழட்டியாச்சு, இன்னொன்னு பாதி கழண்டு தொங்குது, கழட்டின கால் சாக்ஸ்ல இருந்து இட்லி குண்டான தொறந்த மாதிரி ஆவி வருது, அந்தக் கால எங்க வைக்கிறதுன்னு தெரியாம அந்தரத்துல தூக்கிப் பிடிச்சிட்டு இருக்கேன். கீழ பூரா உப்பும் ஸ்லஷ்ஷும் (பாதி உருகின சேறு மாதிரி பனி). பக்கத்துல ஃப்ரெண்டு சாக்ஸோட ஹவாய் செருப்ப மாட்டப் பாக்குறான், தடி கம்பளி சாக்ஸ், கட்டை விரலுக்கு நடுவுல வார் போகவே மாட்டேங்குது. "மச்சி, ஷூ கொண்டு வந்தோம்ல?"ன்னு கேக்குறான். கொண்டு வந்தோம் தான். லேஸ் ஷூ. ஆறு மணி நேரம் போர்டு மேல நின்னுட்டு, அதுல பாதி நேரம் பனியில பின்பக்கம் தேய உக்காந்துட்டு, இப்ப குனிஞ்சு லேஸ் கட்டுற தெம்பு யாருக்குடா இருக்கு?

லேஸ் கட்டாம சும்மா கால விட்டு மாட்டுற ஸ்லிப்-ஆன் ஷூவுக்காக அன்னிக்கு ஆரம்பிச்ச தேடல் தான் இது. ரெண்டு சீசன்ல சொந்தமா வாங்கினது, ஃப்ரெண்டுங்க கிட்ட இரவல் வாங்கிப் போட்டது, கடையில போட்டு நடந்து பாத்ததுன்னு கொஞ்சம் கால விட்டுப் பாத்தாச்சு, அத தான் எழுதுறேன்.

மொதல்ல ஒரு சந்தேகம் வரும். ஸ்கீ பூட்னா பிளாஸ்டிக் பெட்டி, அத கழட்டித் தான் ஆகணும், ஸ்னோபோர்ட் பூட் தான் சாஃப்டா இருக்கே, அதுலயே நடந்து போயிடலாமே? நடக்கலாம். ஆனா உள்ள இருக்குற லைனர் வேர்வையில ஊறிப் போயிருக்கும், அதோடயே இருந்தா பத்து நிமிஷத்துல விரல் வெறைச்சிடும். அப்புறம் அத போட்டுட்டு கார் ஓட்டிப் பாருங்க, பிரேக்க மிதிக்கிறோமா ஆக்ஸிலரேட்டர மிதிக்கிறோமான்னு காலுக்கே தெரியாது. எங்க வீட்டுக்கு இங்கேர்ந்து ரெண்டு மணி நேர ட்ரைவ். ஸோ கழட்டித் தான் ஆகணும்.

கடைக்குப் போனா எல்லாரும் கேக்குற மொத கேள்வி "எது நல்லா சூடா இருக்கும்?" நானும் அதையே தான் கேட்டேன், கேட்டு ஒண்ணு வாங்குனேன், பேரு வேண்டாம், தலையணைக்குள்ள கால விட்ட மாதிரி அவ்ளோ சொகம், மூணாவது தடவ அதே பார்க்கிங் லாட்ல போர்ட கையில வச்சுட்டு மல்லாக்க விழுந்தேன். அடியில பாத்தா சோல் வழவழன்னு சோப்பு டப்பா மாதிரி இருக்கு. அங்க தான் புரிஞ்சுது, சூடு ரெண்டாவது கேள்வி. மொத கேள்வி, பூட்ட எங்க கழட்டப் போறீங்க? கார்லயா, லாட்ஜ்லயா (மலையடிவாரத்துல எல்லாரும் உக்காந்து சாப்பிட, ஓய்வெடுக்க இருக்குற கட்டடம்), தங்கியிருக்குற ரூம்லயா? இந்த மூணுக்கும் ஒரே ஷூ சரிப்படாது.

பார்க்கிங் லாட் தான் இருக்குறதுலயே மோசமான இடம். பகல்ல வெயிலு, கார் டயரு, போட்ட உப்பு எல்லாம் சேந்து பனி உருகி தண்ணியா நிக்கும், சாயங்காலம் நாம திரும்பி வர்ற நேரத்துக்கு கரெக்டா அது திரும்ப உறைய ஆரம்பிக்கும். மைனஸ் பத்துக்குக் கீழ போயிட்டா சாதா உப்பும் பெருசா வேலை செய்யாது. மேல மெல்லிசா ஈரம், கீழ ஐஸ், வழுக்குறதுக்கு இத விட பெஸ்ட் செட்டப் கிடையாது. நல்லா கெட்டியா உறைஞ்ச ஐஸ் கூட இவ்ளோ வழுக்காது.

டொரன்டோவுல கைட்னு ஒரு ஆராய்ச்சி மையம் இருக்கு, அங்க ஒரு ரூம் பூரா ஐஸ் தரை போட்டு, ரூமையே சாய்ச்சு, ஆளுங்கள ஷூ போட்டு நடக்க விட்டு எத்தன டிகிரி வரைக்கும் வழுக்காம நடக்குறாங்கன்னு பாக்குறாங்க. 7 டிகிரி தாண்டினா ஒரு ஸ்னோஃப்ளேக் மார்க், நம்ம ஸ்கூல் ஸ்டார் மாதிரி, 15 தாண்டினா மூணு. 2016-ல மொத தடவ ரிசல்ட் போட்டப்போ, கடையில விண்டர் பூட்டுன்னு விக்குறதுலயே பத்துல ஒம்பது அந்த 7 டிகிரியக் கூட தாண்டல. பாஸ் ஆனதுல ரெண்டே ரெண்டு சோல் டெக்னாலஜி தான் திரும்பத் திரும்ப வந்துச்சு, ஒண்ணு வைப்ரம் ஆர்க்டிக் க்ரிப், இன்னொன்னு ரப்பர்ல பொடிக்கல்லு மாதிரி கெட்டித் துகள் கலந்த க்ரீன் டயமண்ட். பெரிய பெரிய பூட்டுக்கே இந்த கதின்னா ஸ்லிப்-ஆனுக்கு என்ன கதின்னு யோசிச்சுக்கோங்க.

சரி, ஒவ்வொண்ணா வரேன்.

டீவா ரீஎம்பர். இப்ப எங்க பாத்தாலும் இது தான், ஸ்லீப்பிங் பேக்க வெட்டி ஷூ தைச்ச மாதிரி இருக்கும். இதுல எனக்கு ரொம்பப் புடிச்சது குதிகால் பக்கம். மடக்கி மிதிச்சா செருப்பு, தூக்கி விட்டா ஷூ. நாம ஊர்ல கேன்வாஸ் ஷூ பின்பக்கத்த மிதிச்சே நாசம் பண்ணி அம்மா கிட்ட திட்டு வாங்குவோம்ல, அத இவங்க வேணும்னே டிசைனா பண்ணி வச்சிருக்காங்க. ஈர சாக்ஸோட, குனியாம, கைய யூஸ் பண்ணாம உள்ள கால் போயிடும். வண்டி ஓட்டும்போது பின்பக்கத்த தூக்கி விட்டுக்கலாம், இது முக்கியம், ஏன்னு அப்புறம் சொல்றேன். ஆனா வாட்டர்ப்ரூஃப்னு நினைச்சு வாங்காதீங்க, மேல விழுற தூள் பனியத் தட்டி விட்டுக்கலாம், ஸ்லஷ்ல நின்னா துணி துணி தான். அதுலயே டெரெய்ன்னு ஒரு மாடல் வருது, அடிப்பக்கம் நல்லா கட்டை கட்டையா இருக்கும், வெளிய நடக்கணும்னா அத எடுங்க.

நார்த் ஃபேஸ் தெர்மோபால் மியூல் இதோட நேரடிப் போட்டி. மியூல்னா பின்பக்கம் தொறந்த, செருப்பு மாதிரி மாட்டுற ஷூ. எறகு அடைச்ச டவுன் ஜாக்கெட்ட கால்ல போட்ட மாதிரி. உள்ள இருக்குறது எறகு இல்ல, சிந்தெடிக், குட்டிக் குட்டி உருண்டையா இருக்கும், அதனால தான் அந்தப் பேரு. எறகு நனைஞ்சா சப்புன்னு ஒட்டிக்கிட்டு சூடு போயிடும், இது நனைஞ்சாலும் கொஞ்சம் தாங்கும், நம்ம ஈரக் காலுக்கு அது நல்லது தான். ரப்பர் சோலும் பரவாயில்ல. எடைன்னு சொல்லவே ஒண்ணும் இல்ல, பைக்குள்ள திணிச்சிடலாம். ரெண்டுல எதுன்னு கேட்டா சூட்டுக்கு நார்த் ஃபேஸ், வசதிக்கு டீவா. ஒரு விஷயம் மட்டும் கவனிங்க, இந்த மாதிரி பஃபி ஷூ எல்லாமே மேல் பாதத்த தான் சூடா வச்சுக்கும். பஞ்சு சூடு குடுக்குறது உள்ள அடைச்சு வச்ச காத்தால, உங்க முழு எடையும் அடியில அழுத்தும்போது அங்க காத்து எங்க இருக்கும்? ஜில்லுனு ஏறுறது எப்பவும் அடியில இருந்து தான். அதனால கடையில மேல அமுக்கிப் பாக்காதீங்க, சோல் எவ்ளோ தடிமன்னு பாருங்க.

அடுத்து அக் டாஸ்மன், ஆட்டுத்தோல் ஸ்லிப்பர். இத கிண்டல் பண்றவங்க ஜாஸ்தி, ஆனா கதை தெரிஞ்சா கொஞ்சம் மரியாதை வரும். ஆஸ்திரேலியாவுல சர்ஃபிங் பண்றவங்க குளிர் தண்ணில இருந்து வெளிய வந்ததும் கால விட்டுக்குறதுக்குன்னு போட்டது தான் அக் வகை ஆட்டுத்தோல் பூட். 1978-ல பிரையன் ஸ்மித்னு ஒருத்தர் அத கலிஃபோர்னியாவுக்குக் கொண்டு போய் வித்தாரு. அதாவது இது பொறந்ததே, போர்டுல இருந்து எறங்குன ஈரக் காலுக்காகத் தான். போட்டு அஞ்சு நிமிஷத்துல வித்தியாசம் தெரியும், கம்பளி ஈரத்த உள்ள இழுத்துக்கும், அப்பவும் சில்லுனு ஆகாது. சூடுன்னு மட்டும் பாத்தா இந்த லிஸ்ட்ல இத அடிச்சுக்க ஆள் இல்ல. ஆனா மேல ஸ்வேடு, வெல்வெட் மாதிரி மெத்துன்னு இருக்குற தோல். ஸ்வேடும் ரோட்டு உப்பும் மாமியார் மருமக மாதிரி, ஒரு தடவ பட்டா அந்த வெள்ளைக் கறை வருஷம் பூரா பேசிட்டே இருக்கும். அதனால ரூம்ல இருந்து லாபி, லாபில இருந்து ஹாட் டப்னு சுத்துறவங்களுக்கு ஓகே, கார் பார்க்குக்கு வேண்டவே வேண்டாம். தோல் போகப் போக லூஸாகும், வாங்கும்போது கொஞ்சம் டைட்டாவே வாங்குங்க. (டீவாவும் அக்கும் ஒரே வீட்டுப் பிள்ளைங்க, ரெண்டுமே டெக்கர்ஸ் கம்பெனியோடது, ஆபீஸ் கலிஃபோர்னியா கடற்கரைப் பக்கம். பனி பெய்யாத ஊர்ல உக்காந்துட்டு நம்ம கால பத்தி யோசிக்கிறாங்க.)

மெரெல். 1998-ல ஜங்கிள் மோக்னு ஒண்ணு விட்டாங்க, லேஸ் இல்லாம ரெண்டு பக்கமும் எலாஸ்டிக் வச்சு சும்மா கால விட்டா போதும்ங்குற ஷூ. அதோட குளிர்கால அண்ணன் தான் கோல்ட்பேக் மோக். வாட்டர்ப்ரூஃப், உள்ள இன்சுலேஷன், ஆர்க்டிக் க்ரிப் சோல் போட்ட மாடலும் வந்திருக்கு. அந்த சோல விரலால தடவிப் பாத்தா உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு இருக்கும், அதுல சில கட்டைங்க குளிர் ஏற ஏற கலர் மாறும், எம் பொண்ணு அத பாக்குறதுக்குன்னே கடைக்காரர் கிட்ட ஐஸ் கட்டி கேட்டா. அழகுன்னு சொல்ல மாட்டேன், ரிட்டயர் ஆன கணக்கு வாத்தியார் ஷூ மாதிரி இருக்கும். ஆனா அந்த பார்க்கிங் லாட்ல போர்டு ஒரு கையில, காபி ஒரு கையில வச்சுட்டு நான் நிமிந்து நடந்தது இத போட்டப்போ தான். கால் உள்ள போறது டீவா அளவுக்கு ஈஸி இல்ல, வீங்கின காலுக்கு ரெண்டு மூணு தடவ ஆட்டித் தான் விடணும்.

ப்ளண்ட்ஸ்டோன் தெர்மல், டாஸ்மேனியாக்காரங்க பூட், கனடாவுல பத்து பேர்ல ரெண்டு பேராவது போட்டிருப்பாங்களோன்னு தோணும். தோல் மேல, தின்சுலேட்ங்குற செயற்கை இன்சுலேஷன் நடுவுல, உள்ள ஆட்டுத்தோல் இன்சோல். ஸ்லஷ், உப்பு எல்லாம் தொடச்சு விட்டா போச்சு, கணுக்கால மூடுறதால பனி உள்ள விழாது, அப்படியே ஆபீஸுக்கும் போட்டுட்டுப் போகலாம். ஆனா வெல, ஒரு ஜோடி காசுக்கு ரீஎம்பர் ரெண்டு ஜோடியாவது வரும். அதுவுமில்லாம ஆறு மணி நேரம் கழிச்சு ஈரத் தடி சாக்ஸோட இத இழுத்து மாட்டிப் பாருங்க, ஸ்லிப்-ஆன்ங்குற பேரு எதுக்குன்னு கேப்பீங்க. வேற விண்டர் பூட்டே இல்லாதவங்களுக்கு, ஒரே செலவா முடிச்சுக்க இது சரி.

க்ராக்ஸ்ல உள்ள பஞ்சு வச்சது ஒண்ணு இருக்கு, அதோட மேல் ஓட்டை அப்படியே தான் இருக்கும், பனி அது வழியா உள்ள வந்து உருகும், அவ்ளோ தான் அத பத்தி. மூன் பூட் ஸ்லிப்-ஆனே இல்ல, லேஸ் இருக்கு, ஆனாலும் சொல்லாம விட மனசு வரல. நிலாவுல மனுஷன் எறங்கின நேரத்துல இத்தாலிக்காரர் ஜான்கார்லோ ஸனாட்டாவுக்கு வந்த ஐடியா அது, இடது வலதுன்னு கிடையாது, எந்தக் கால்லயும் மாட்டலாம். தூக்கக் கலக்கத்துல கிளம்புறவங்களுக்காகவே செஞ்ச மாதிரி.

குதிகால் மேட்டருக்கு வரேன்னு சொன்னேன்ல. பின்பக்கம் தொறந்த மியூலோட வண்டி ஓட்டாதீங்க. சோல்ல பனி ஒட்டியிருக்கும், ஹீட்டர்ல உருகும், பெடல் ஈரமாகும், கால தூக்கும்போது ஷூ கழண்டு பெடலுக்கு அடியில போச்சுன்னா அவ்ளோ தான். என் வீட்டுக்காரி இத பாத்துட்டு, "ஏங்க, இதோட ஹைவேல ஏறுனீங்கன்னா நான் பஸ்ல வரேன்"னு சொல்லிட்டா. ஃப்ரெண்ட் ஓட்ட நாம பின்னாடி தூங்கிட்டு வர்றதா இருந்தா எந்த மியூல் வேணா போடுங்க.

இன்னொன்னு, ஷூவ கார்ல விட்டுட்டு மலைக்குப் போகாதீங்க. நாள் பூரா கார் ஃப்ரீஸர் தான், திரும்பி வந்து கால விட்டா மைனஸ் பத்துல ஊறுன ஷூ, ஃபோம் சோல் எல்லாம் வறட்டி மாதிரி வெறைச்சுப் போயிருக்கும், அத சூடாக்க உங்க கால் சூட்டத் தான் செலவழிக்கணும். பையில போட்டு லாட்ஜ்ல வைங்க, கூடவே ஒரு காஞ்ச சாக்ஸ். அந்த காஞ்ச சாக்ஸ் பண்ற வேலையில பாதி கூட எந்த இன்சுலேஷனும் பண்ணாது, 200 கிராம் 400 கிராம்னு டப்பாவுல போட்டிருக்குறதெல்லாம் அப்புறம் தான். அந்த கிராம் ஷூவோட எடை இல்ல, ஒரு சதுர மீட்டர் இன்சுலேஷன் துணியோட எடை, நானும் ரொம்ப நாள் தப்பா நினைச்சிட்டு இருந்தேன்.

நான் கடைசியா வச்சிருக்கிறது ரெண்டு. ஒரு நாள் போயிட்டு வர்றதுக்கு மெரெல், ராத்திரி தங்குறதா இருந்தா டீவா. மார்ச்ல பனி உருக ஆரம்பிச்சதும் கடைங்கள்ல இதெல்லாம் நல்லா தள்ளுபடில போடுவாங்க, காத்திருந்து போனேன், சைஸ் 7-ம் 13-ம் மட்டும் மலை மாதிரி கெடந்துச்சு. எனக்கு 9. நவம்பர்ல முழு வெல குடுத்துத் தான் வாங்குனேன்.