கிருஷ்ணகிரி வெயிலில் ஒன்பது ஆண்டுகள் ஏர்பிரஷுடன்

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் வாங்கிய, காற்றழுத்தத்தால் வண்ணம் தெளிக்கும் 0.3 மி.மீ. முனை ஏர்பிரஷும் அதற்குக் காற்று தரும் சிறு கம்ப்ரசரும் இன்றும் உழைக்கின்றன. விமானம், டாங்கி, கார், கப்பல் என நாற்பதுக்கும் மேற்பட்ட பிளாஸ்டிக் மாதிரிகளுக்கு இவற்றால்தான் வண்ணம் பூசினேன். கருவியின் மேல் எனக்குப் பெரிய குறையில்லை. குறையெல்லாம் எங்கள் ஊர் வெயிலின் மேல்தான்.

ஏப்ரல், மே மாதங்களில் பகல் பத்து மணிக்கு மேல் அக்ரிலிக் வண்ணத்தைத் தெளித்தால், அது மாதிரியைச் சேரும் முன்பே பாதி காய்ந்து உப்புத்தாள்போலச் சொரசொரப்பாகப் படிகிறது; ஊசி முனையும் அடைத்துக்கொள்கிறது. விற்றவர் அழுத்தத்தைக் கூட்டச் சொன்னார், கூட்டியதும் சொரசொரப்பு அதிகமானதுதான் மிச்சம். அழுத்தத்தை 15 பிஎஸ்ஐக்குக் குறைத்து, வண்ணத்தைப் பால் பதத்துக்குக் கரைத்து, உலர்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டரை இரண்டு சொட்டு விட்டு, காலை ஏழு மணிக்குள் வேலையை முடித்துக்கொள்ளத் தொடங்கிய பிறகே அடைப்பு ஏறக்குறைய நின்றது.

எல்லா வகை மாதிரிக்கும் இக்கருவி ஒரே அளவில் பயன்படுவதில்லை. நிஜத்தில் 72-இல் ஒரு பங்கான 1/72 அளவு ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் இறக்கை முனைக்கு முனை 15.6 செ.மீ.தான்; அதன்மேல் தூரிகை விட்டுச்செல்லும் கால் மி.மீ. மேடு நிஜ விமானத்தில் 1.8 செ.மீ. மேட்டுக்குச் சமம் என்பதால், விமானங்களுக்கு ஏர்பிரஷ் இல்லாமல் தீராது. மோட்டாரும் பேட்டரியும் உள்ளே அடங்க வேண்டும் என்று ஜப்பானிய மாதிரி நிறுவனமான டாமியா தொடங்கிவைத்த 1/35 டாங்கிகளுக்கோ அடிவண்ணம் வரையில் போதும், மீதியைத் தூரிகையும் மண்ணும் பார்த்துக்கொள்ளும். எங்கள் செம்மண்ணை வேட்டித் துணியில் சலித்து ஒரு ருஷ்ய டாங்கியின் சங்கிலியில் தூவினேன். அது போச்சம்பள்ளிச் சாலையில் ஓடிவந்ததுபோல் ஆகிவிட்டது. 1/700 கப்பல்களில் உடற்பகுதிக்கு மட்டுமே பயன்படுத்துகிறேன்.

கார்கள்தாம் என்னை மிகவும் சோதித்தவை. தெருவுக்குப் பின்னால் இருக்கும் கிரானைட் பட்டறையின் தூசி, பளபளக்கும் சிவப்பு வண்ணம் காய்வதற்குள் அதில் வந்து உட்கார்ந்துவிடும். இப்போது குளியலறைத் தரையை நனைத்து, மின்விசிறியை நிறுத்தி, அங்கேயே தெளித்து, காற்றுத் துளைகளை டேப்பால் அடைத்த மாம்பழ அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து மூடிவைக்கிறேன். அட்டைப்பெட்டிக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. ஆனால் ஐப்பசி மழையில் இந்த வழி உதவாது: ஈரக்காற்றில் லாக்கர் என்னும் பளபளப்பு வண்ணம் வெளுத்துப்போகும், குழாயில் நீர் கோத்து வண்ணத்தோடு சொட்டும். ஈரம் பிடிக்கும் கிண்ணத்தை அரைமணிக்கு ஒருமுறை வடித்தே ஆக வேண்டும்.

இதுவரை மாற்றியவை ஊசி ஒன்று, முனை இரண்டு. முதல் முனை விரிசல் விட்டது கருவியின் குற்றமன்று. கழுவிய பிறகு நான்தான் ஸ்பானரால் அளவுக்கு மீறி இறுக்கினேன். உண்மையான செலவு தின்னரில்தான்: தெளிக்கும் நேரம் பத்து நிமிடம் என்றால் கழுவும் நேரம் இருபது நிமிடம், கழுவாமல் ஓர் இரவு விட்டால் மறுநாள் முழுவதும் அதற்கே போய்விடும்.