அல்சைமர் நடை: அப்பா பேரை எழுதிக்கிட்டு நடந்தேன், என் ரிவ்யூ

வீட்டுல யாரையாவது மறதி நோய்க்கு பறிகொடுத்தவங்க, இல்ல இப்போ கூட வச்சு பாத்துக்கிட்டு இருக்கவங்க, ஒரு தடவையாவது இதுக்கு போயிட்டு வாங்கன்னு தான் சொல்லுவேன். அமெரிக்காவுல அல்சைமர் அசோசியேஷன் வருஷா வருஷம் நடத்துற வாக் டு எண்ட் அல்சைமர்ஸ் தான் அது. 1989ல மெமரி வாக்ங்குற பேர்ல 9 இடத்துல 1,249 பேரோட ஆரம்பிச்சது, இப்போ 600க்கு மேல ஊர்ல நடக்குது, அதனால ரொம்ப தூரம் அலைய வேண்டியதில்ல.

முக்கியமான விஷயம், நடக்க வர்றவங்க கையில குடுக்குற பூ. நெஜப் பூ இல்ல, காத்துல சுத்துற காத்தாடி மாதிரி. எந்த கலர்னு நாம தான் முடிவு பண்ணனும். நீலம்னா நோய் இருக்கவங்க, மஞ்சள்னா பாத்துக்குறவங்க, ஊதான்னா இழந்தவங்க, ஆரஞ்சுன்னா வீட்டுல யாருக்கும் இல்லன்னாலும் துணைக்கு நிக்கிறேன்னு வந்தவங்க. அப்பா இருந்தப்போ எனக்கு மஞ்சள். இந்த தடவ கை பழக்கத்துல மஞ்சள் பக்கமே போச்சு, அங்க நின்ன வாலண்டியர் அம்மா ஒன்னும் கேக்கல, அவசரப்படுத்தவும் இல்ல, கொஞ்ச நேரம் கழிச்சு ஊதாவ எடுத்தேன். இதழ்ல அப்பா பேர இனிஷியலோட எழுதினேன், ஏன்னா எங்க பேரெல்லாம் மறந்து போன அப்புறமும் கையெழுத்து போட சொன்னா அந்த இனிஷியலையும் புள்ளியையும் மட்டும் விடாம போடுவாரு.

துக்கம் விசாரிக்க வர்றவங்க எல்லாரும் "வயசாயிடுச்சுல்ல, ரொம்ப கஷ்டப்படாம போய் சேந்தாரே"ன்னு தான் சொல்லுவாங்க, நல்ல மனசோட தான் சொல்றாங்க ஆனா அதுக்கு மேல நம்மளால பேச முடியாது. இங்க கையில இருக்க கலர பாத்தாலே புரிஞ்சிடும், எதையும் முதல்லேருந்து விளக்க வேண்டாம். என் கூட நடந்த ஒரு அம்மா மஞ்சப் பூ வச்சிருந்தாங்க, அவங்க வீட்டுக்காரர் நீலம், அந்தம்மா என் பூவ பாத்துட்டு "ராத்திரில எழுந்து நடப்பாரா உங்க அப்பா"ன்னு தான் கேட்டாங்க. அதுக்கப்புறம் பாதி தூரம் கதவு தாழ்ப்பாள் பத்தியும் தூக்கம் பத்தியும் மட்டுமே பேசிக்கிட்டு போனோம், அப்பா போன அப்புறம் அவ்ளோ மனசு விட்டு நான் யார்கிட்டயும் பேசினதில்ல.

நடை கெளம்புறதுக்கு முன்னாடி எல்லாரும் பூவ தூக்கி காட்டுவாங்க, கடைசியா வெள்ளைப் பூ ஒன்னு வரும். இந்த நோயிலேருந்து பொழச்சு வரப்போற முதல் ஆளுக்கான கலர் அது, அப்படி ஒருத்தர் இன்னும் இல்ல. ஊதா வச்சிருந்த என்னால அத பாத்துட்டு சும்மா நிக்க முடியல, அழுதுட்டேன்.

வேற ஒரு நடைக்கும் போயிருக்கேன், பேரு வேண்டாம், அங்க இறந்தவங்க பேர மைக்ல கடகடன்னு வாசிச்சுட்டு அடுத்த நிமிஷமே டான்ஸ் பாட்டு போட்டுட்டாங்க. ஒரு பேருக்கு ரெண்டு மூச்சு விடுற நேரமாவது குடுக்கணும், ஏற்பாடு பண்றவங்க தயவுசெஞ்சு யோசிங்க.

மத்தபடி இந்த அல்சைமர் நடை ரேஸ் இல்ல, டைமிங் கிடையாது, வீல்சேர்லயும் வர்றாங்க, முடியாதவங்களுக்கு குறைஞ்ச தூரமும் பெரும்பாலும் இருக்கும். சேர கட்டணம் இல்ல, நாம நன்கொடை திரட்டி தரலாம், அது ஆராய்ச்சிக்கும் பாத்துக்குறவங்களுக்கான உதவிக்கும் போகுது. அல்சைமர் அசோசியேஷனோட 24 மணி நேர ஹெல்ப்லைன ராத்திரி நேரத்துல நானே கூப்பிட்டிருக்கேன், அதனால காசு கேட்டு நண்பர்களுக்கு மெசேஜ் அனுப்ப எனக்கு கூச்சமே வரல.

போறவங்க கொஞ்சம் சீக்கிரமே போயிடுங்க, பூ எழுதுற இடத்துல கூட்டம் சேரும், சொந்தமா ஒரு தடி மார்க்கர் எடுத்துட்டு போனா நிதானமா எழுதலாம். தனியா போக வேண்டாம், கூடப்பிறந்தவங்க யாரையாவது கூட்டிட்டு போங்க.